நாலு மணிப் பழம்

நாலு மணிக்கு முன்னால் நான் வீட்டைவிட்டு இறங்கிவிட வேண்டும். நானே எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம் அது. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று என் மனைவி மூக்கம்மாவிடம் சொல்லிவைத்திருந்தேன். குல்லாயைக் காது மறைய இழுத்துவிட்டு, மப்ளரைச் சுற்றிக்கொண்டு, செருப்பில் காலை நுழைக்கும்போது, அவள் முகத்தைப் பார்க்காமல், "தட்டுல பழம் கெடக்கு" என்று சுவரிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுக் கிளம்புவேன். மன்னவனூர் ரோட்டில் வளைவு தாண்டி ஒரு சின்னப் பாலம் உண்டு. அதன் கட்டைச்சுவரில் உட்கார்ந்தால் கீழே ஆட்டுப் பண்ணையின் புல்வெளி முழுசாகத் தெரியும். முப்பது வருஷம் நான் கூலிக்கு இருந்த இடம். செம்மறி மந்தை பட்டிக்குத் திரும்புகிற நேரம் அது. தூரத்தில் பார்த்தால் யாரோ புல்லின் மேல் ஒரு கம்பளியை மெதுவாக இழுத்துக்கொண்டு போவதுபோல இருக்கும். நடையெல்லாம் ஒன்றும் கிடையாது. ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பேன். அந்த ஒரு மணி நேரத்துக்குள் மூக்கம்மா இரண்டு மலைவாழைப்பழம் தின்று முடித்திருக்க வேண்டும். அதுதான் காரியம்.

ஏன் இப்படி என்று வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும். முதலில் வந்தது என் நோய். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்குக் கால் வீங்கியது. திண்டுக்கல்லில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். சர்க்கரை சிறுநீரகத்தைப் பாதிக்குமேல் தின்றுவிட்டது என்றார். ரத்தத்தில் பொட்டாசியம் என்று ஒரு சத்து உண்டாம். நல்ல சிறுநீரகம் மிஞ்சியதை வெளியே தள்ளிவிடும், என்னுடையதால் தள்ள முடியாது, சேர்ந்துகொண்டே போனால் ஒருநாள் நெஞ்சு துடிக்க மறந்துவிடும் என்று பொறுமையாகச் சொன்னார். வாழைப்பழம் கூடாது, கொய்யா கூடாது, இளநீர் வாசனைகூடக் கூடாது. கீரை, தக்காளி எல்லாம் தள்ளி வை. உருளைக்கிழங்குக்கு மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டினார். தோல் சீவி, மெல்லிசாக நறுக்கி, ஊறப்போட்டு, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வாரத்துக்கு ஒருநாள் நாலு துண்டு. எங்கள் ஊரில் கண்ணுக்கு எட்டின மட்டும் கிழங்குக் காடுதான். மூட்டை மூட்டையாக லாரியில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நான் வாரம் நாலு துண்டு தின்றேன். மூக்கம்மாவும் அதேதான் தின்றாள். எனக்கென்று தனியாகப் பொங்கவில்லை, அவளுக்கென்றும் தனியாகப் பொங்கவில்லை. ஒரே சட்டி. பழம் என்கிற சாமான் எங்கள் வீட்டுக்குள் வருவது நின்றுபோனது.

இரண்டாவதாக வந்தது அவள் நோய். வீடு வீடாக மாத்திரை கொண்டுவருகிற நர்ஸ் பிரியா, தை மாதம் ஒருநாள் எனக்குச் சர்க்கரை பார்த்துவிட்டு, சும்மா இருக்கட்டும் என்று மூக்கம்மா கையிலும் பிரஷர் பட்டையைச் சுற்றினாள். நூற்று அறுபத்தெட்டுக்கு நூற்று நாலு. பிரியா மறுபடி சுற்றினாள். அதேதான். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம், சிறுநீர் எல்லாம் கொடுத்துவிட்டு வந்தாள். வந்து என்னிடம் சொன்னது ஒரு விஷயம்தான்: மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கருவாட்டை அன்றைக்கே நிறுத்தினாள். ஊறுகாய் பாட்டிலைப் பக்கத்து வீட்டுச் சண்முகவள்ளியிடம் தூக்கிக் கொடுத்தாள். உப்பு எனக்கும் ஆகாது என்பதால் அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் டாக்டர் சொன்னதில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறாள் என்று எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அடுத்த தடவை வந்த பிரியா, எண் இறங்கவில்லை என்றதும், பழம் சாப்பிடுகிறீர்களா, கீரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள். மூக்கம்மா அடுப்பைப் பார்த்தாள்.

பிரியா என் பக்கம் திரும்பினாள். "ஐயா, அம்மாவுக்கு கிட்னி நல்லாருக்கு. டெஸ்ட் பாத்தாச்சு. அவங்களுக்கு பொட்டாசியம் ஏறணும். வாழப்பழம், கொய்யா, கீரை, பீன்ஸ், கிழங்கு எல்லாம் தாராளமா சாப்பிடணும். உப்பு ஏத்துற பிரஷர அதுதான் எறக்கும். டாக்டர் எழுதியே குடுத்தாரே, காட்டலையா?"

எனக்கு விஷம் என்று விலக்கியதெல்லாம் அவளுக்கு மருந்து. விடச் சொன்னதை ஒரே நாளில் விட்டவள், தின்னச் சொன்னதைத் தின்னவே இல்லை.

நான் பயந்தேன். அதற்குக் காரணம் உண்டு. அவளுடைய அக்கா சிவபாக்கியம் ஆடலூரில் இருந்தாள். ஐம்பத்தொன்பது வயதில் ஒரு காலையில் காபித் தோட்டத்துக்குக் கிளம்பும்போது வாசலிலேயே சரிந்தாள். வலது கை, வலது கால் போனது. பேச்சும் போனது. பிரஷர் இருந்தது யாருக்கும் தெரியாது. நாலு வருஷம் படுக்கை. மூக்கம்மா வாரம் தவறாமல் பஸ் ஏறிப் போய், துணி மாற்றி, பழத்தைப் பிசைந்து ஊட்டிவிட்டு வருவாள். சிவபாக்கியம் தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டு எதையோ கேட்க வாயைக் கோணுவாள். ஒரு சத்தம் வரும், சொல் வராது. மூக்கம்மாவுக்கு இப்போது ஐம்பத்தேழு.

அவள் ஏன் தின்னமாட்டாள் என்பதும் எனக்குத் தெரியாத விஷயமில்லை. நாங்கள் இரண்டு பேரும் சிலோனிலிருந்து வந்த குடும்பம். நான் முன்னாலேயே வந்துவிட்டேன். அவள் எண்பத்து மூன்றில் கடைசிக் கப்பல்களில் ஒன்றில் வந்தாள். அதுவரை அங்கே மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தவள். அவர்கள் கூட்டத்தில் ஒரு முறை இருந்ததாம். காலை பத்து மணிக்குக் கூடையை இறக்கிவைத்துவிட்டு எல்லோரும் கொண்டுவந்த ரொட்டியை ஒரே துணியில் போடுவார்கள். யார் வீட்டு ரொட்டி யாருக்கு என்று கிடையாது. ஒருத்திக்கு வயிறு சரியில்லை, வாயில் வைக்க முடியாது என்றால், மற்றவர்களும் துணியை மூடிவிட்டு வெறும் தேத்தண்ணியோடு எழுந்துவிடுவார்கள். பக்கத்தாள் தின்னமுடியாததைத் தின்னாதே. கல்யாணமான புதிதில் இதை அவள் சொன்னபோது, பசியோடு கொழுந்து பறித்தால் அந்த முதலாளிக்குத்தான் லாபம் என்று நான் கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

அப்போது நாங்களும் ஆடலூரில்தான் இருந்தோம். காபிச் செடிக்குக் களையெடுக்கிற வேலை. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், இடையிடையே மலைவாழை. குலை பழுத்தால் கங்காணி பார்ப்பதற்குள் அணில் பார்த்துவிடும், அணில் பார்ப்பதற்குள் நான் பார்த்துவிடுவேன். ஒரே ஒரு பழத்தை மடியில் கட்டிக்கொண்டு வருவேன். குட்டையாக, வளைந்து, தோல் கறுத்துச் சுருங்கியிருக்கும்; பார்த்தால் அழுகிவிட்டது என்று தூக்கி எறிவார்கள். அந்தக் கறுப்புக்கு உள்ளேதான் எல்லாம் இருக்கும். சாயங்காலம் தோட்டத்து லைன் வீட்டு வாசலில், பனி இறங்க இறங்க, மூக்கம்மா அதை நடுவில் கிள்ளிப் பாதி தருவாள். எது பெரிய பாதி என்று இரண்டு பேருக்கும் சண்டை வரும். அவள் பெரியதை என் பக்கம் தள்ளுவாள், நான் அவள் பக்கம் தள்ளுவேன், கடைசியில் விரலில் ஒட்டியதுதான் மிச்சம். இருபத்து நாலு வயதில் எனக்கு மெய்யாகவே சந்தோஷமாக இருந்த நேரம் எது என்று கேட்டால் அந்தப் பாதிப் பழத்தைத்தான் சொல்வேன்.

ஆகவே யோசித்தேன். என் முன்னால் தின்னமாட்டாள். நான் இல்லாவிட்டால் தின்பாள். இவ்வளவுதானே. பழனியிலிருந்து வாரம் ஒருமுறை வருகிற பழ வண்டியில் மலைவாழை இரண்டு சீப்பும், ஆயக்குடிக் கொய்யா ஒரு கிலோவும் வாங்கித் தட்டில் வைத்தேன். நான் சாப்பிடுவதும் சாப்பிடாததும் பற்றி ஒரு பேச்சும் எடுக்கவில்லை. நாலு மணிக்கு நடக்கப் போனேன். திரும்பி வந்து ஒன்றுமே தெரியாதவன்போலத் தட்டைப் பார்ப்பேன். தினமும் இரண்டு பழம் குறைந்திருக்கும். தோல் எங்கேயும் கிடக்காது. சண்முகவள்ளியின் ஆட்டுக்குப் போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். காலண்டர் தாளில் அன்றைய தேதிக்குக் கீழே சின்னதாக ஒரு புள்ளி வைப்பேன். புள்ளி இருபத்தெட்டு ஆனபோது பிரியா வந்தாள். நூற்று எழுபத்திரண்டுக்கு நூற்று ஆறு. ஏறியிருந்தது. இருபத்தெட்டுப் புள்ளிக்கும் ஒரு மதிப்பில்லை. பிரியா மாத்திரையைக் கூட்டுவதற்கு டாக்டரிடம் கேட்கிறேன் என்றாள்; அடுத்த தடவையும் இப்படியே இருந்தால் கொடைக்கானலுக்கு அனுப்பி அட்மிட் போட்டுவிடுவேன் என்றாள். அன்றைக்கு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பழம் வேலை செய்யவில்லையா, இல்லை என் மூக்கம்மாவின் உடம்பே சிவபாக்கியம் உடம்பு மாதிரி எழுதப்பட்டதா என்று ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வாரத்திலேயே ஒருநாள் பாலத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்தது. திரும்பினேன். வீட்டுக்குப் பின்பக்கமாக வந்தால் வேலி ஓரம் மூக்கம்மா குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறாள், தலையில் உரச்சாக்கு. எதிரில் சண்முகவள்ளியின் வெள்ளாடு. இவள் பழத்தை ஒழுங்காக உரித்து, ஆட்டின் வாயில் வைக்கிறாள். அது தின்று முடித்ததும் தோலையும் கொடுக்கிறாள். பிறகு இரண்டாவது பழம். ஆடு நன்றாகப் பழகியிருந்தது, அவசரப்படவில்லை. மழையில் நான் நிற்பதை முதலில் பார்த்தது சண்முகவள்ளிதான். அவள் வீட்டுத் தாழ்வாரத்திலிருந்து, இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்ததைப் போலச் சொன்னாள்:

"வாங்கண்ணே. ஒங்க புண்ணியத்துல எங்க ஆட்டுக்கு பிரஷரே இல்லண்ணே."

மூக்கம்மா திரும்பினாள். கையில் தோல் இருந்தது. ஆடு எட்டி அதையும் வாங்கிக்கொண்டது.

உள்ளே வந்தேன். கோபமா என்றால் கோபம்தான். ஈரத்துணியை மாற்றிக்கொண்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு எனக்குக் கிழங்கு நாள். அவள் தோல் சீவி, நறுக்கி, ஊறப்போட்டிருந்ததை எடுத்துச் சட்டியில் போட்டாள். தண்ணீர் கொதிக்கிறவரை இரண்டு பேரும் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒங்கக்கா மாதிரி நீயும் விழுந்துவிட்டால் நான் என்ன செய்வேன், எனக்கு யார் கிழங்கு வேகவைத்துத் தண்ணீர் இறுப்பது என்று கேட்டேன். அதுக்குத்தான் என்னை உசுரோட வச்சிருக்கப் பாக்குறீங்களா என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. நான்தான் வெளியே போய்விடுகிறேனே, என் கண் முன்னால் தின்னச் சொன்னேனா என்றேன்.

"நீங்க போயிருவீங்க. பழத்து வாசம் போகுதா?" என்றாள். "திரும்பி வந்து வாசப்படியில நின்னு ஒரு மூச்சு இழுப்பீங்க. தெனமும் இழுக்குறீங்க. அப்பறம் ஒண்ணும் இல்லாத மாதிரி உள்ள வந்து கால் கழுவுவீங்க. அதப் பாத்துட்டு எனக்குத் தொண்டையில எறங்குமாங்க?"

நான் மூச்சு இழுப்பது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் அவள் சொன்னதும் அது என் மூக்குக்கு ஞாபகம் வந்தது. கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதுகிற அந்த இனிப்பு, புகைபோட்ட வாழையின் அடிவாசனை, அதை நான் நெஞ்சு நிறைய வாங்கிக்கொண்டு ஒரு நொடி நின்றது, எல்லாம். ஒரு மாதமாக நான் அவளுக்காக வெளியே போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளோ ஒரு மாதமாக என் ஒரு மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிழங்கு வெந்ததும் தண்ணீரை வழக்கமாகப் பின்பக்கம் அவரைப் பந்தலுக்கு ஊற்றுவாள். அன்றைக்கு ஊற்றவில்லை. ஒரு தம்ளரில் இறுத்து, மிளகுத்தூள் போட்டு, ஊதி ஊதிக் குடித்தாள். இதில்தானே எல்லாச் சத்தும் இறங்கியிருக்கிறது, உங்களுக்குக் கிழங்கு, எனக்குத் தண்ணீர், ஒரே சட்டி என்றாள். அவளுக்கு அதில் ஒரு நியாயம் கிடைத்துவிட்டது. எனக்கும் ஒரு நிமிஷம் நெஞ்சு லேசானது. மறுநாள் பிரியாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் சிரித்தாள். பிறகு, நல்லதுதான், ஆனால் வாரத்துக்கு ஒரு தம்ளர் எந்த மூலைக்குக் காணும், எப்படியாவது அம்மாவைப் பழம் சாப்பிட வையுங்கள் ஐயா, விளையாட்டில்லை என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அன்று நாலு மணிக்குக் குல்லாயை எடுத்தேன். எடுத்ததைத் திரும்ப ஆணியில் மாட்டினேன். தட்டை எடுத்துக்கொண்டு போய் மூக்கம்மாவுக்கு எதிரில், தரையில் உட்கார்ந்தேன். கறுத்துப் பழுத்த மலைவாழை ஏழெட்டு இருந்தது. என்ன சொல்வது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. சொன்னதெல்லாம் அந்த நேரத்தில் வந்ததுதான்.

"எனக்கு ஆசதான் மூக்கம்மா. இல்லன்னு சொன்னா பொய். ரெண்டு வருசமாச்சு. இப்ப என்னன்னா, இது எப்பிடி இருக்கும்னே எனக்கு மறந்துக்கிட்டு வருது. இனிப்புன்னு தெரியுது. அதுக்கு மேல ஒண்ணும் வரமாட்டேங்குது. நீ தின்னு. தின்னுட்டு எப்பிடி இருக்குன்னு எனக்குச் சொல்லு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று கேட்டாள். சொல்வதைக் கேட்டு யாருக்காவது நாக்கு நிறையுமா என்று கேட்டாள். நான் ஒரு பழத்தை எடுத்து அவள் கையில் வைத்தேன். அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் உரித்தாள். ஓரத்தில் எலி கடித்ததுபோல ஒரு கடி. மென்றாள். முழுங்கும்போது தொண்டை ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இனிப்பா இருக்குங்க."

அது எனக்கே தெரியும் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இன்னொரு கடி கடித்து, இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். லேசாகப் புளிக்கிறது, முதலில் இல்லை, முழுங்கின பிறகு வருகிறது என்றாள். நடுவில் இருக்கிற கறுப்பு விதை பல்லில் நறநறக்கிறது. தோல் பக்கம் கொஞ்சம் துவர்ப்பு. அவள் சொல்லச் சொல்ல என் வாயில் எச்சில் ஊறியது. நான் மறைக்கவில்லை, அவளும் பார்த்தாள், ஆனால் பழத்தைக் கீழே வைக்கவில்லை. நம்ம ஆடலூர்ப் பழம் மாதிரி இருக்கா என்று கேட்டேன். அதற்கு ஆமாம் என்றுதான் சொல்லுவாள் என்று காத்திருந்தேன்.

இல்லை என்று தலையாட்டினாள். மெல்லுவதை நிறுத்தியிருந்தாள்.

"கேம்புப் பழம் மாதிரி இருக்குங்க" என்றாள்.

எந்தக் கேம்பு என்றேன். மண்டபம் கேம்பு என்றாள். முப்பத்தேழு வருஷத்தில் அவள் கப்பலைப் பற்றி, கேம்பைப் பற்றி, வரிசையில் நின்றதைப் பற்றியெல்லாம் எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். பழத்தைப் பற்றிச் சொன்னதே இல்லை. இப்போது சொன்னாள். கப்பலிலிருந்து இறங்கின அன்றைக்கு ஆளுக்கு ஒரு சோற்றுப் பொட்டலமும் ஒரு வாழைப்பழமும் கொடுத்தார்களாம். சிவபாக்கியம் கப்பலில் வாந்தி எடுத்து எடுத்து மயங்கி, ஷெட்டுக்குள் பாயில் கிடந்தாளாம். அவள் பங்கையும் இவளிடமே கொடுத்துவிட்டார்கள். வெயில் அப்படி ஒரு வெயிலாம். மலையிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு மணல் காலைச் சுட்டதாம்.

"தண்ணித்தொட்டிக்குப் பின்னால போயி ஒண்ணத் தின்னேன். பசிங்க. மூணு நாளாப் பசி. அக்காவோடத கையிலயே வச்சிருந்தேன். வெயில்ல சூடா இருந்துச்சு. அதையும் தின்னுட்டேன்."

மயக்கம் தெளிந்ததும், பழம் கொடுத்தார்களா என்று அக்கா கேட்டாளாம். இன்னும் கொடுக்கவில்லை என்று இவள் சொன்னாளாம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சிவபாக்கியம் கல்யாணம் ஆகி, ஆடலூர் வந்து, பிள்ளை பெற்று, படுத்து, போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த நாலு வருஷமும் பிசைந்து ஊட்டும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று இவளுக்கு வாய்வரைக்கும் வருமாம்.

"அன்னிக்கு இருந்த ருசி அதுக்கப்பறம் எந்தப் பழத்துலயும் இல்லங்க. இன்னிக்குத்தான் இருக்கு" என்றாள்.

வெளியே மஞ்சு இறங்கி ஜன்னல் கண்ணாடியை வெள்ளையாக்கியிருந்தது. மூக்கம்மா என்னைப் பார்க்கவில்லை. அந்த வெள்ளைக்குள் எதையோ பார்த்துக்கொண்டு, தொட்டி எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் நிழல் விழுந்தது, தோலை எங்கே மணலில் புதைத்தாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். பேச்சு நிற்கவில்லை. அவள் கை மட்டும் தானாகத் தட்டுக்கு வந்து, துழாவி, இரண்டாவது பழத்தை எடுத்து, நுனியைக் கிள்ளி, தோலை ஒவ்வொரு கீற்றாகக் கீழே இறக்கிக்கொண்டிருந்தது.